வெளிச்சம் வராத நேரத்திலும் அழுத்தினேன்

யுத்தம் முடிந்து நாலைந்து வருடங்கள் போயிருக்கும். எங்கள் ஊரான ஆலங்குடாவில் கடற்கரை ஓரமாக வெள்ளைக்காரர்களுக்கென்று ஹோட்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். அவர்களை ஏற்றி வரும் பெரிய பஸ்கள் எங்கள் ஒடுங்கிய தெருவில் ஓட ஆரம்பித்திருந்தன. நான் அப்போது பாடசாலை வேன் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு பழைய வேன், பதினான்கு பிள்ளைகள். காலையில் வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போய்ப் பாடசாலையில் இறக்கி, பகலில் திரும்பவும் வாசலில் கொண்டுவந்து விடுவேன். பதினொரு வருடமாக இதுதான் தொழில். என் கடைசி மகளும் அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி. நாலாம் வகுப்பு. எனக்குப் பின்னால் உள்ள சீட்டில்தான் இருப்பாள்.

ஊரில் எனக்கு நல்ல பெயர். வேகமாக ஓட மாட்டேன், ஓடும்போது போனில் பேச மாட்டேன், வேனுக்குள் சிகரெட் பிடிக்க மாட்டேன். "ஒங்கட வேன்ல ஏத்திட்டா எங்களுக்கு நிம்மதி நானா" என்று பிள்ளைகளின் உம்மாமார், அண்ணனை அழைப்பதுபோல் நானா போட்டுச் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது மனதுக்குள் ஒரு பெருமை வரும். பின்னால் நடந்ததையெல்லாம் யோசித்துப் பார்த்தால், அந்தப் பெருமைதான் என்னைப் பொய் சொல்ல வைத்தது என்று தோன்றுகிறது.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பேப்பர் வாசிக்கும்போது எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஒரு கண்ணாடி எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் அரசாங்க வைத்தியசாலையின் கண் கிளினிக்கிற்குப் போனேன். நீண்ட வரிசை. என் முறை வந்தபோது உள்ளே இருந்தது ஒரு இளம் பெண் டொக்டர். சிங்களவர். புதிதாக வந்தவர் போலிருந்தது. தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார். கண்ணில் மருந்து விட்டு, அமுக்கம் பார்த்து, பிறகு ஒரு கருவியால் உள்ளே நெடுநேரம் பார்த்தார். எனக்கு முன்னால் போனவர்களெல்லாம் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள். என்னை மட்டும் ஏன் இவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நானா, கண் உள்ளுக்கு பிரஷர் கூட. பின்னால நரம்பு கொஞ்சம் தேஞ்சிருக்கு. குளுக்கோமாவா இருக்கலாம். நிச்சயமா சொல்ல இன்னும் ஒரு டெஸ்ட் செய்யணும்" என்றார்.

அது என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்டேன். நோவு இருக்காதாம். நேரே பார்ப்பது கடைசிவரை தெளிவாகவே தெரியுமாம். பார்வை பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகுமாம். போவது அந்த ஆளுக்கே விளங்காதாம். போனது திரும்ப வராது, ஆனால் மருந்து விட்டால் இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார். இவ்வளவையும் எனக்கு விளங்கும்வரை, கையால் படம் வரைந்து காட்டிச் சொன்னார். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு சில கேள்விகள் கேட்டார்.

குடும்பத்தில் யாருக்காவது கண் பார்வை போயிருக்கிறதா?

"இல்ல டொக்டர்" என்றேன்.

என் வாப்பாவுக்குக் கடைசி ஆறு வருடமும் கண் தெரியாது. தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையைப் பிடித்து அதில் வைத்துவிட வேண்டும். கேட்பவர்களுக்கு 'வயசு' என்று சொல்லிக்கொண்டோம். அவர் மவுத்தாகும்போதே அறுபது ஆகியிருக்கவில்லை. டொக்டர் கேட்ட அந்த நொடியில் வாப்பாவின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் இல்லை என்றேன்.

என்ன தொழில்?

"சின்ன வியாபாரம்."

வாகனம் ஓடுவீங்களா?

"இல்ல."

மூன்று கேள்வி, மூன்று பொய். அவர் மூன்றையும் அப்படியே எழுதிக்கொண்டார். உண்மை எழுதப்பட்டால் வேனை நிறுத்தச் சொல்வார்கள் என்ற பயம் ஒன்று. அதைவிட, 'கண் தெரியாத ஆள்' என்று ஊர் சொல்லும் என்ற பயம்.

வீட்டில் மனைவியிடம், "கண்ணில கொஞ்சம் பிரஷராம். சந்தேகம்தானாம். மருந்து தந்திருக்கா" என்று மட்டும் சொன்னேன். டீக்கடையில் மற்ற வேன்காரர்களிடம் அந்த டொக்டரைப் பற்றிப் பகிடியாகப் பேசினேன். "சின்னப் புள்ள. இன்னும் படிச்சு முடிக்கல்ல போல. கண்ணாடி எழுதித் தரச் சொன்னா கண்ணே போகப்போகுது எண்டு சொல்றா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் தன் மனைவியின் கண்ணைக் காட்ட அங்கே போக இருந்தவர், இதைக் கேட்டு வேறு இடத்துக்குப் போகப்போவதாகச் சொன்னார். நான் தடுக்கவில்லை.

மருந்தை மூன்று கிழமை கண்ணில் விட்டேன். கண் சிவந்து எரிந்தது. விட்டாலும் ஒன்றுதான், விடாவிட்டாலும் ஒன்றுதான் போலிருந்தது. தூரத்தில் நிற்கும் தென்னையில் எத்தனை குரும்பை என்று என்னால் எண்ணிச் சொல்ல முடிந்தது. பிறகு என்ன வருத்தம்? நிறுத்திவிட்டேன்.

ஆனால் சில விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கம் தெருவில் கழுதைகள் திரிவது வழக்கம். முன்பெல்லாம் தூரத்திலேயே கண்டு வேகத்தைக் குறைப்பேன். இப்போது அவை இடது பக்கத்திலிருந்து திடீரென்று முளைத்ததுபோல் வேனுக்கு முன்னால் நின்றன. ஒரு நாள் வீட்டில் வாசல் நிலையில் இடது தோள் இடிபட்டது. கழுதையைக் குறை சொன்னேன். நிலையைக் குறை சொன்னேன்.

அடுத்த கிளினிக்கில் அந்த டொக்டர், டெஸ்டுக்கு நாள் தரப் போனபோது, நான் கொழும்பில் பெரிய டொக்டர் ஒருவரிடம் காட்டப்போகிறேன் என்று சற்று மிடுக்காகவே சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், கோபப்பட வேண்டும் என்றுதான் விரும்பினேன். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"நல்லம் நானா. இன்னொரு ஆள் பார்க்கிறது எப்பவும் நல்லம். நான் கடிதம் தாறன். மருந்த மட்டும் நிறுத்தாம போங்க. சுணங்காம போங்க."

வெளியே அத்தனை பேர் காத்திருக்க, எனக்காக ஒரு முழுப் பக்கம் எழுதி, உறையில் போட்டுத் தந்தார். அதை வேனின் முன்னால் உள்ள சிறு பெட்டி, லாச்சிக்குள் போட்டேன். பிறகு நாலு மாதம் எங்கும் போகவில்லை.

அந்த நாலாவது மாதம்தான் அது நடந்தது. காலை ஏழு மணி இருக்கும். வேன் நிறையப் பிள்ளைகள். எதிரே ஹோட்டல் பஸ் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. நான் வழக்கம்போல் வேனை இடது பக்கமாக ஒதுக்கினேன். ஹோன் சத்தம் கேட்டது, பஸ்தான் அடிக்கிறது என்று நினைத்தேன். ஏதோ உரசுகிற சத்தம். உடனே பிள்ளைகள் கூச்சல். பிரேக் அடித்து இறங்கிப் பார்த்தால், ஒரு மோட்டார் சைக்கிள் ஓரத்துப் பற்றைச் செடிகளுக்குள் கவிழ்ந்து கிடந்தது. மீன்பெட்டி உடைந்து, மீனெல்லாம் மணலில் சிதறிக் கிடந்தன. ஓட்டி வந்தவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். விரல்களுக்கிடையால் இரத்தம் வழிந்தது. பள்ளிவாசல்துறைப் பக்கமிருந்து எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவந்து விற்பவர். கழுத்தில் சிறிய சிலுவை போட்டிருப்பார். முகம் தெரியும், பேச்சுப் பழக்கம் இல்லை.

அவர் எங்கிருந்து வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நொடிக்கு முன்வரை அந்த இடத்தில் யாருமே இல்லை. அப்படித்தான் என் கண் சொன்னது. அந்த நடுக்கத்தில் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"ஒனக்குக் கண் தெரியாதா? புள்ளையள் வாற வேன் எண்டு தெரியாதா? எங்க பார்த்துக்கொண்டு வாறாய்?" என்று கத்தினேன். என்னைவிட வயதில் கொஞ்சம்தான் குறைந்தவர். அவரை 'நீ' என்றேன். பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். எல்லோரும் என்னை அறிந்தவர்கள். பதினொரு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓடியவன் நான். பிழை யாருடையது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. அவர்களும் சேர்ந்து அவரைத்தான் ஏசினார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வேனைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, "என்னில பிழைதான் அண்ணே. மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "இனிமேலாவது பார்த்து ஓடு" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். அவர் ஒரு கையால் மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

அன்று பின்னேரம் மகள் என்னிடம் வந்து, "வாப்பா, அவரு எங்களுக்கு முன்னாலதானே போய்க்கொண்டிருந்தாரு. ஹோனும் அடிச்சாரு" என்றாள். "சின்னப் புள்ளையளுக்கு என்ன தெரியும், போய்ப் படி" என்று அதட்டினேன். அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. 

என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. இப்போது எனக்கு ஒரு 'இல்லை' தேவைப்பட்டது. 'உனக்கு அந்த வருத்தம் இல்லை' என்று பெரிய டொக்டர் ஒருவர் ஒரு தாளில் எழுதித் தந்துவிட்டால், அந்த மீன்காரர்தான் பிழை என்று ஆகிவிடும். வேனும் எனக்கே இருக்கும். ஒரு பாடசாலை விடுமுறையில் மனைவியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். எங்கள் ஊரிலும் பேர் சொல்லும் ஒரு தனியார் வைத்தியசாலை. கடிதத்தை வேன் லாச்சியிலேயே விட்டுவிட்டேன். முதல் டொக்டர் எழுதியதைப் பார்த்தால் இவரும் அதையே சொல்லிவிடுவார், ஒன்றும் தெரியாமல் பார்க்கட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அங்கே முதலில் அந்த டெஸ்டைச் செய்தார்கள். இருட்டறை. ஒரு வெள்ளைக் கிண்ணம்போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து, நாடியை ஒரு தாங்கியில் ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் உள்ள மஞ்சள் வெளிச்சத்தை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றி எங்காவது பொட்டுப்போல் ஒரு சின்ன வெளிச்சம் வந்தால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் வெளிச்சங்கள் வந்தன, அழுத்தினேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. இருட்டு. நேரம் போய்க்கொண்டிருந்தது. வர வேண்டியது வந்துகொண்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்பது விளங்கியது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் மெஷினுக்குள் மெல்லிய 'டிக்' சத்தம் ஒன்று கேட்டது. நான் கண்ணை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தேன். சத்தம் கேட்டால் அழுத்தினேன். வெளிச்சம் தெரிந்தாலும் அழுத்தினேன், தெரியாவிட்டாலும் அழுத்தினேன்.

பக்கத்தில் நின்று டெஸ்ட் செய்த நேர்ஸ் மிஸ், "நானா, வெளிச்சம் தெரிஞ்சா மட்டும் அமத்துங்க. தெரியாட்டிப் பரவாயில்ல" என்றார். "ஓம் மிஸ்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தும் அழுத்தினேன். சரியாகச் செய்துவிட்டேன் என்ற சந்தோஷத்தோடு வெளியே வந்தேன். மனைவி முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "ஒண்டும் இல்ல, எல்லாம் நல்லாத் தெரிஞ்சிச்சு" என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

டொக்டர் வயதானவர், தமிழர். என் கண்ணை உள்ளே பார்த்தார். பிறகு மெஷின் தந்த தாளைப் பார்த்தார். திரும்பவும் கண்ணைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்களுக்கு இந்த மெஷினைப் பற்றி ஒண்டு சொல்லட்டுமா?" என்று மிகவும் மெதுவாகக் கேட்டார். "சில நேரம் அது சத்தம் மட்டும் போடும், வெளிச்சம் போடாது. ஆள் உண்மையாக் கண்டுதான் அமத்துறாரா எண்டு பார்க்க. நீங்கள் அந்த நேரமெல்லாம் அமத்தியிருக்கிறீங்கள்."

 மனைவி என்னைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. நான் திரும்பவில்லை.

"மெஷினை ஏமாத்தலாம். ஆனா நரம்பு தேஞ்சிருக்கிறத நான் என்ர கண்ணால பார்த்திட்டன். இதுக்கு முதல் எங்கயாவது காட்டினீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மனைவி கைப்பைக்குள் கையை விட்டாள். "இவரு மறந்துட்டாரு டொக்டர். நேத்து வேனத் துடைக்கேக்க இந்தக் கடிதம் லாச்சிக்குள்ள கிடந்திச்சு. தேவைப்படும் எண்டு எடுத்துக்கொண்டு வந்தன்" என்று உறையை நீட்டினாள்.

அவள் ஒரு களங்கமும் இல்லாமல்தான் சொன்னாள். நான் மறந்துவிட்டேன் என்றே நம்பினாள். டொக்டர் கடிதத்தை வாசித்தார். ஆங்கிலத்தில் இருந்ததை எங்களுக்கு விளங்கட்டும் என்று வரி வரியாகத் தமிழில் சொன்னார். இடது கண்ணின் அமுக்கம் இவ்வளவு, வலது கண்ணின் அமுக்கம் இவ்வளவு, நரம்பு இப்படி இப்படி இருக்கிறது, குளுக்கோமா என்று பலமான சந்தேகம். பிறகு, "குடும்பத்தில் ஒருவருக்கும் பார்வை இழப்பு இல்லை" என்று வாசித்தார்.

மனைவி இடையில், "இவர்ட வாப்பாக்குக் கண் தெரியாமத்தானே இருந்திச்சு டொக்டர்" என்றாள்.

டொக்டர் அடுத்த வரியை வாசித்தார். "தொழில், சிறு வியாபாரம். வாகனம் ஓட்டுவதில்லை."

 என் மனைவி மிகவும் தாழ்ந்த குரலில், "இவரு ஸ்கூல் வேன் ஓடுறாரு டொக்டர். பதினாலு புள்ளையள்" என்றாள்.

என் வாழ்நாளில் அதுபோல் ஒரு நிமிடத்தை நான் அனுபவித்ததில்லை. யாரும் என்னை ஏசவில்லை. டொக்டர் கடிதத்தை மடித்து வைத்தார். அந்த டெஸ்டைத் திரும்பவும் செய்வோமா என்று கேட்டார். தலையாட்டினேன்.

இரண்டாவது முறை இருட்டறைக்குள் போனபோது மிஸ் ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் கேட்கும்போதெல்லாம் விரல் துடித்தது, அடக்கிக்கொண்டேன். வெளிச்சத்தைக் கண்டால் மட்டும் அழுத்தினேன். எவ்வளவு நேரம் விரல் சும்மா இருந்தது என்பது எனக்கும் அந்த இருட்டுக்கும்தான் தெரியும். கண்ணீர் வந்து மஞ்சள் வெளிச்சமும் கலங்கியபோது மிஸ் மெஷினை நிறுத்தி, ஒரு டிஷு தந்து, கொஞ்சம் இருந்துவிட்டுத் தொடர்ந்தார்.

இந்தத் தடவை தாளில் இடது கண் பாதிக்கு மேல் கறுப்பாக இருந்தது. வலது கண்ணிலும் மூக்குப் பக்கமாகக் கறுப்பு ஆரம்பித்திருந்தது. இரண்டையும் சேர்த்தால் உங்களுக்கு இடது பக்கம் பெரும் பகுதி இல்லை என்று டொக்டர் விளக்கினார். "அது கறுப்பாத் தெரியாது. அந்த இடத்தில ஒண்டும் இல்லாதது மாதிரித் தெரியும். அதாலதான் ஆக்களுக்கு விளங்கிறதில்ல" என்றார். எனக்கு விளங்கியது. பற்றைக்குள் கவிழ்ந்து கிடந்த மோட்டார் சைக்கிள் விளங்கியது.

வாகனம் ஓடுவதை இன்றோடு நிறுத்த வேண்டும், மருந்தை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது, என் சகோதரர்களும் கண்ணைக் காட்ட வேண்டும் என்றார். கடைசியாகச் சொன்னதுதான் என்னை மிகவும் சுட்டது. "அந்த டொக்டர் எல்லாம் சரியா எழுதியிருக்கிறா. நான் புதுசாச் சொல்ல ஒண்டும் இல்ல. நீங்கள் இந்தக் கடிதத்தை லாச்சிக்குள்ள வச்சிருந்த மாதங்கள்தான் வீண். இவ்வளவு தூரம் வரத் தேவையில்ல, திரும்பவும் அவவிட்டயே போங்க."

திரும்பி வரும் பஸ் சிலாபத்தைத் தாண்டியது. மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த மீன்காரர்... அவருல பிழை இல்லையா?"

"இல்ல" என்றேன். அந்த மாதங்களில் அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை அது.

"எங்கட புள்ளையும் அந்த வேன்லதானே" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வேனை மச்சினனிடம் கொடுத்தேன். பிள்ளைகளின் பெற்றோரிடம் கண் வருத்தம் என்று சொன்னேன். "அல்லாஹ் சுகம் தரட்டும், எங்கட புள்ளையளுக்காக நேரத்தோட நிப்பாட்டினீங்களே" என்று பலர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நேரத்தோடு நிறுத்தவில்லை என்று சொல்லும் தைரியம் எல்லா வீட்டிலும் வரவில்லை. சில வீடுகளில் சொன்னேன். அதில் ஒருவர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. அவர் செய்தது சரி.

கண் கிளினிக்கிற்குத் திரும்பப் போனேன். அந்த இளம் டொக்டரிடம், முதல் நாள் சொன்ன மூன்றும் பொய் என்றேன். மருந்தை நிறுத்தியதைச் சொன்னேன். டீக்கடையில் பேசியதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் விட முடியவில்லை. அவர் என் கிளினிக் தாளை எடுத்தார். பிறகு பழைய வரிகளைக் கோடிட்டு வெட்டி, மேலே புதிதாக எழுதினார். "இப்ப சரி நானா. இனி நாங்க ஒழுங்கா மருந்து செய்வம்" என்றார். பகிடியைப் பற்றி ஒரு சொல் கூடப் பேசவில்லை. டீக்கடையில் அன்று என் பேச்சைக் கேட்டவரைத் தேடிப்போய், அவர் மனைவியை அந்த டொக்டரிடமே கூட்டிப்போகும்படி சொன்னேன். அவர் மனைவிக்குக் கண்ணில் வெறும் வெண்புரைதான். ஒப்பரேஷன் செய்து நன்றாகிவிட்டார்.

மீன்காரரிடம் போகத்தான் எனக்கு அதிக நாள் எடுத்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் எங்கள் ஊர்ப் பக்கம் வருவதில்லை. விசாரித்துக்கொண்டு, பஸ்ஸில் போய், அவர்கள் வள்ளம் கரைக்கு வரும் இடத்தில் காத்து நின்றேன். என்னைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. முழங்கையில் தழும்பு இருந்தது.

"தம்பி, அண்டைக்கு ஒங்களில ஒரு பிழையும் இல்ல. எனக்கு அந்தப் பக்கம் கண் தெரியாது. எனக்கே அது தெரியாமத்தான் ஓடினன். தெரிஞ்சுகொள்ள விருப்பமில்லாம ஓடினன்" என்றேன்.

அவர் என் கண்ணை உற்றுப் பார்த்தார்.

"நீங்க முன் கண்ணாடிக்குள்ளால என்னப் பார்த்துக்கொண்டேதான் வந்தீங்க அண்ணே. நான் ஹோன் அடிக்க அடிக்க ஓரத்துக்கு அமத்திக்கொண்டு வந்தீங்க. வேணுமெண்டு செய்றாரு எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன். அதாலதான் அந்த ஊருக்கு வாறதையே விட்டன்."

"அப்ப ஏன் ஒங்கட பிழை எண்டு சொன்னீங்க?"

"வேனுக்குள்ள எல்லாப் புள்ளையளும் அழுதுகொண்டிருந்திச்சு. நான் ஒண்டு சொல்ல, நீங்க ஒண்டு சொல்ல, அதுகள் இன்னும் பயந்திருக்கும். முடிஞ்சாப் போதும் எண்டு சொன்னன்."

 பிள்ளைகளை ஏற்றிப் போகும் பொறுப்பு என்னுடையது. அந்தப் பொறுப்பை, இரத்தம் வழியும் கையோடு நின்ற ஒரு மனிதர் செய்திருக்கிறார். நான் அவரை ஏசிக்கொண்டிருந்தேன்.

போகும்போது அவர் ஒன்று கேட்டார். "எனக்குச் சொல்லிட்டீங்க, சந்தோசம். ஆனா அண்டைக்கு அந்தப் புள்ளையளும் கேட்டுக்கொண்டுதானே இருந்திச்சு. அதுகளுக்கு யார் சொல்றது?"

அடுத்த திங்கட்கிழமை மச்சினன் ஓடும் வேனில் நானும் ஏறினேன். எல்லாப் பிள்ளைகளும் ஏறிய பிறகு ஓரமாக நிறுத்தச் சொல்லி, திரும்பி நின்று சொன்னேன். அன்று அந்த மாமா சரியாகத்தான் போனார், இடித்தது நான், பொய் சொன்னதும் நான், அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்றேன்.   என் மகள் மடியில் இருந்த புத்தகப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு சின்னப் பிள்ளை மட்டும், "அந்த மாமாட கை சுகமாகிட்டா?" என்று கேட்டது.

அது நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "சுகமாகிட்டு" என்று சொல்லிவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.

இப்போது பல வருடங்கள் ஆகிவிட்டன. மருந்தை ஒரு வேளையும் தவறாமல் விட்டு வருகிறேன். வலது கண் நின்ற இடத்தில் நிற்கிறது; இடது கண்ணில் மிச்சம் கொஞ்சம்தான். வெங்காயத் தோட்டத்தில் வேலை, வீடு, பள்ளிவாசல் என்று நாள் போகிறது. என் நானாமாரில், அண்ணன்மாரில், ஒருவருக்கும் இதே வருத்தம் இருப்பதை நேரத்தோடு கண்டுபிடித்து, அவர் பார்வை முழுதாகத் தப்பிவிட்டது. மீன்காரர் திரும்பவும் எங்கள் ஊருக்கு வருகிறார். என் வீட்டு வாசலில் நின்றால் மனைவியிடம் கதைத்துவிட்டுத்தான் போவார்.

வேறு டொக்டரிடமும் ஒரு தடவை காட்டலாமா என்று என்னிடம் யாராவது கேட்டால், தாராளமாகக் காட்டுங்கள், ஆனால் இரண்டு பேரிடமும் ஒரே உண்மையைச் சொல்லுங்கள் என்பேன். அதை எளிதாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சந்தையிலோ பஸ்ஸிலோ யாராவது தெரியாமல் என்மேல் மோதிவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று சொன்னால் மட்டும், மோதியது அவரா நானா என்று ஒரு தரம் யோசிக்காமல் என்னால் 'பரவாயில்லை' என்று சொல்ல முடிவதில்லை.